நாகஸ்வரம் நிற்கும் வாசல்

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது எழும் முழக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். திருச்சின்னம், எக்காளம், தவில், நாகஸ்வரம், அத்தனைக்கும் மேலே கூட்டத்தின் ‘ரங்கா, ரங்கா’. அவர் திரும்பி உள்ளே எழுந்தருளும்போது அந்த முழக்கம் எப்படி அடங்குகிறது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதிக் காணோம். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. திருச்சி வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் என் விரல்கள் இருந்த இடம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் மேல்தான். வீடு உத்திர வீதியில். கோயிலின் சத்தமும் சத்தம் குறைவதும் வீட்டுக்குள்ளேயே கேட்கும்.

மார்கழி அத்யயன உற்சவத்தை எடுத்துக்கொள்வோம். திருநெடுந்தாண்டகத்தில் தொடங்கி, பகல்பத்து நாள்களில் நம்பெருமாள் அர்ச்சுன மண்டபத்தில் வீற்றிருந்து அரையர் சேவை கேட்கிறார். வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன் பரமபத வாசல் திறக்கிறது. அதிலிருந்து இராப்பத்து, ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள திருமாமணி மண்டபத்தில் திருவாய்மொழி. எல்லாம் முடிந்து அவர் மூலஸ்தானம் திரும்பும்போது நள்ளிரவாகிவிடும், தாண்டியும் போய்விடும். பனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்த நேரத்துக்காகவே காத்திருக்கிறவர்கள் உண்டு.

பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் நடையைப் பற்றி ஊரில் சொல்லும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பெருமாள் வெளியே கிளம்பும்போது சிம்ம கதி: குகையிலிருந்து வரும் சிங்கம் நின்று, இரு பக்கமும் பார்த்து, பிறகு அடி வைப்பது போல. உள்ளே நுழையும்போது சர்ப்ப கதி: பாம்பு புற்றுக்குள் போவது போல. நடைக்கு இப்படிப் பெயர் வைத்த ஊர், அந்த நடையோடு வரும் இசையையும் சும்மா விட்டுவிடவில்லை. வெளிப் பிராகாரங்களில் நாகஸ்வரமும் தவிலும் முழங்கிக்கொண்டு கூடவே வரும். ரங்கவிலாசம், கார்த்திகை கோபுர வாசல், கருட மண்டபம் என்று உள்ளே வர வர மேல்கூரை மூடி, கல்தூண்கள் நெருங்கி, அதே ஒலி இன்னும் பெரிதாகக் கேட்கும். பிறகு நாழிகேட்டான் வாசல். பெரிய மேளத்தின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வீணை.

இதைத்தான் வீணை ஏகாந்தம் என்கிறோம். பரம்பரையாக இந்தக் கைங்கர்யத்தைச் செய்து வருகிறவர்கள், உட்கார்ந்து வாசிப்பதற்கென்றே அமைந்த வாத்தியத்தை நின்ற நிலையில் பிடித்து, பெருமாள் நகர நகரத் தாங்களும் நகர்ந்தபடி வாசிக்கிறார்கள். வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பதைக் கச்சேரி உலகம் காரைக்குடி சுப்பராம ஐயரிடம் கண்டு வியந்தது. அவரும் உட்கார்ந்துதான் வாசித்தார். பல்லக்கோடு நடந்து வாசிப்பது வேறு வித்தை. தந்தி நிலைகுலையக் கூடாது, சுருதி இறங்கக் கூடாது, காலும் கல்தரையில் தடுக்கக் கூடாது.

அந்த வாசலில் என்ன நடக்கிறது என்பதை என் தொழில் வழியாகப் பார்க்கிறேன். நாகஸ்வரம் மூச்சு இருக்கிற வரை நிற்கும் ஒலி. வித்வான் கன்னத்தில் காற்றைச் சேர்த்துக்கொண்டு மூக்கால் மூச்சிழுத்தால் ஒரே ஸ்வரத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். ஒத்து ஊதுகிறவர் செய்வது அதைத்தான். வீணை அப்படியில்லை. மீட்டிய கணத்தில் எவ்வளவு ஒலி உண்டோ அவ்வளவுதான். அடுத்த கணத்திலிருந்து அது தேய ஆரம்பிக்கிறது. வித்வான் என்ன செய்தாலும் அந்தத் தேய்வை நிறுத்த முடியாது. அவரால் முடிந்தது, தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து, ஒலி அற்றுப்போவதற்குள் அதிலேயே இரண்டு ஸ்வரம், மூன்று ஸ்வரம் பேசவைப்பது. கல்யாணியிலோ தோடியிலோ ஒரு நல்ல வீணைக்காரர் ஒரே மீட்டில் ஏறி இறங்கும்போது நாம் கேட்பது முழுக்க முழுக்கக் குறைந்துகொண்டே போகும் ஒலியைத்தான். வாசலுக்கு வெளியே ஓயாத ஒலி. உள்ளே, பிறந்த கணத்திலிருந்தே தணிகிற ஒலி. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்கள் காது உள்ளவர்கள்.

நாகஸ்வரத்தால் தணிந்து வாசிக்க முடியாது என்று சொல்லவில்லை. அது கடினம், அவ்வளவுதான். ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுக்கு வந்த ஒரு மூத்த வித்வான் எனக்கு அதை விளக்கினார். கெண்டையில் செருகிய சீவாளியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நாணல் தட்டையைப் பதப்படுத்தி, அழுத்தி, நூல் கட்டிச் செய்தது. ஊதும் முனை தட்டையாக, இரண்டு இதழ்களுக்கு நடுவே ஒரு நூல் போகிற இடைவெளி. எச்சில் ஊறி ஊறி நிறம் மாறியிருந்தது. “மூச்சக் கொறைச்சா சத்தம் கொறையும் சார். ஆனா சுருதியும் கூடவே எறங்கிடும். எறங்காமப் புடிக்கிறது இந்த ஒதடுதான்” என்றார். பிறகு நீலாம்பரியில் ஒரு பஞ்சமத்தைப் பிடித்து, அறை முழுக்க நிறைந்த ஒலியை, சுருதி ஒரு மயிரிழையும் விலகாமல், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மீட்டரில் முள் இறங்கிக்கொண்டே வந்தது. என் கை குமிழில் படவே இல்லை. கண்ட்ரோல் ரூமில் இருந்த நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்த வித்தைக்கு ஸ்ரீரங்கத்தில் பெரிய சாட்சி ஷேக் சின்ன மௌலானா. 1924-ல் இன்றைய ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் உள்ள கரவதியில் பிறந்தவர். தஞ்சாவூர் பாணியின் மேல் கொண்ட ஆசையால் நாச்சியார்கோயில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் சிட்சை. பிறகு ஸ்ரீரங்கத்துக்கே வந்து குடியேறி, 1999-ல் மறையும் வரை இந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார். 1998-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. அவர் வாசிப்பில் பெரிய பிருகாக்களைச் சிலாகிக்கிறவர்கள் அதிகம். எனக்கு அவர் ஒரு சங்கதியின் முடிவில் ஒலியை இறக்கி வைக்கிற விதம்தான் முக்கியம். வெட்டி நிறுத்த மாட்டார். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறவர்களின் கை போல, ஸ்வரத்தை விட்ட பிறகும் அவருடைய மூச்சு அங்கேயே சற்று நேரம் இருக்கும்.

அவருக்கு முந்தைய தலைமுறையில் வாத்தியமே மாறியது. பழைய திமிரி நாகஸ்வரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. திறந்த வெளியில் நாலு வீதிக்குக் கேட்கும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட பாரி நாகஸ்வரத்தைக் கையில் எடுத்துச் சுருதியை இறக்கினார். அதன் பிறகுதான் ஆலாபனையில் மந்திர ஸ்தாயியின் ஆழமும், தணிந்து வாசிப்பதன் சுகமும் நாகஸ்வரத்துக்குக் கைவந்தன. ஒலிபெருக்கி வந்த காலமும் அதுவே. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் பாரி நாகஸ்வரம் இவ்வளவு பரவியிருக்குமா என்பது சந்தேகம். ஆகவே ஒலிபெருக்கியை முழுக்கக் குறை சொல்லும் கட்சியில் நான் இல்லை.

ஐரோப்பிய இசைத்தாளில் ஒலி தணிவதற்கென்று ஒரு குறி உண்டு. அகன்று தொடங்கும் இரண்டு கோடுகள் வலப்பக்கம் போகப் போக நெருங்கி ஒரு முனையில் கூடும். பெயர் டிமினுவெண்டோ, டிக்ரெஷெண்டோ என்றும் சொல்வார்கள். 18-ம் நூற்றாண்டில் அங்கே வழக்கத்துக்கு வந்து நிலைத்தது. திருச்சியில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த என் அலுவலக நண்பர்தான் எனக்கு அதைக் காட்டினார். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைக் கோட்டின் நீளமே சொல்லிவிடும். நாற்பது பேரும் அதைப் பார்த்து ஒரே சீராகக் குரலை இறக்குவார்கள். அருமையான ஏற்பாடு. நம்மிடம் ஸ்தாயிக்குப் புள்ளி உண்டு, காலத்துக்குக் கோடு உண்டு. எட்டயபுரத்தில் 1904-ல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்கு விதவிதமான குறிகள் உண்டு. 13-ம் நூற்றாண்டில் சாரங்கதேவர் சொன்ன பதினைந்து கமகங்களில் வாயை மூடிக்கொண்டு இசைப்பதும் ஒன்று. முத்ரிதம் என்று அதற்குப் பெயர். ஒலியை எங்கே தணிக்க வேண்டும் என்பதை மட்டும் தாளில் எழுதும் வழக்கம் நமக்கு இல்லை. குருவின் குரலைக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியது அது.

கோயிலில் அதையும் தாண்டி ஒன்று நடந்திருக்கிறது. மேற்கத்தியக் குறி வாசிக்கிறவரைப் பார்த்துச் சொல்கிறது: நீயே வாசி, ஒலியைக் குறைத்துக்கொண்டே போ. ஸ்ரீரங்கத்தில் ஆளே மாறுகிறார், வாத்தியமே மாறுகிறது. எங்கே மாற வேண்டும் என்பதை ஒரு கல் வாசல் சொல்கிறது. யாருடைய அன்றைய மனநிலையையும் அது பொறுத்ததல்ல. நாகஸ்வரக்காரருக்கு அன்று எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் நாழிகேட்டான் வாசலில் அவர் நிறுத்தத்தான் வேண்டும்.

இதற்கு நெருங்கிய ஒன்று ஐரோப்பாவிலும் உண்டு. ஜோசப் ஹைடன் 1772-ல் எழுதிய 45-வது சிம்பொனி. எஸ்டர்ஹாஸி இளவரசர் நிக்கோலஸ் தன் கோடை மாளிகையில் தங்கும் காலத்தை நீட்டிக்கொண்டே போனார். வாத்தியக்காரர்கள் வீட்டையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் பார்க்க முடியாமல் தவித்தார்கள். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தம் பங்கை முடித்து, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போகும்படி ஹைடன் அமைத்தார். இறுதியில் ஒலியடக்கி மாட்டிய இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சும். இளவரசர் புரிந்துகொண்டார், விடுப்பு கிடைத்தது. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1918-ல் அரங்கேறிய ‘கிரகங்கள்’ தொகுப்பின் முடிவில் பெண்கள் குழுவை மேடைக்கு வெளியே ஓர் அறையில் பாடவைத்து, அந்த அறையின் கதவை மெல்ல மெல்லச் சாத்தச் சொல்லியிருக்கிறார். இரண்டும் மேதைகள் ஒரு படைப்புக்காக யோசித்துச் செய்தவை. ஸ்ரீரங்கத்தில் அது யோசித்தவர் பெயர் இல்லாமல் வருஷா வருஷம் நடக்கிற கைங்கர்யம்.

வீணை எப்போது உள்ளே வந்தது என்று கேட்பார்கள். தேதி சொல்வதற்கில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கோயில்களில் வாத்தியங்களும் ஆள்களும் அளந்து வகுக்கப்பட்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று தாராளமாக இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரும், கூட உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவருமாக 50 பேரை நியமித்தான். 48 குரலுக்கு இரண்டே தோல் வாத்தியம். அந்த எண்ணிக்கையிலேயே ஒலி அளவு அடங்கியிருக்கிறது. அதே கோயிலின் இன்னொரு பட்டியலில் வீணை வாசிப்பவர்களும் வங்கியம் ஊதுகிறவர்களும் உவச்சர்களும் தனித்தனியாக வருகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 11-ம் நூற்றாண்டின் இறுதியில், திருவிழா இரவில் பெருமாள் குலசேகராழ்வாரின் ‘தேட்டருந்திறல்’ கேட்டருளுவதற்காக அறக்கட்டளை வைத்த கல்வெட்டு இருக்கிறது. இரவில், முழக்கமெல்லாம் முடிந்த பிறகு ஒரு பாட்டைத் தனியே கேட்பது என்பது இங்கே ஆயிரம் வருஷப் பழக்கம். 1323-ல் டில்லி சுல்தானின் படையெடுப்பில் நம்பெருமாள் ஊரைவிட்டு வெளியேறி, 1371-ல் விஜயநகரத் தளபதி கோபண்ணன் முயற்சியில் திரும்பும் வரை அந்த வழக்கங்கள் தடைப்பட்டுக் கிடந்தன. திரும்பி வந்தபோது எதை எதை மீட்டார்கள், எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்பது தனியாக ஆராய வேண்டிய கதை.

வீணை என்றதும் என் மனம் போவது உறையூருக்கு. திருப்பாணாழ்வார் உறையூரில் வளர்ந்தவர், பாணர் குலம். அரங்கத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று காவிரியின் தென்கரையில் நின்று, யாழோடு அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் கூப்பிட்டும் பாட்டில் கரைந்திருந்தவருக்குக் கேட்கவில்லை. கல்லெறிந்தார், ரத்தம் வந்தது. அன்றிரவு அரங்கன் முனிவரின் கனவில் வந்து, பாணரைத் தோளில் சுமந்து வரச் சொன்னதாக வரலாறு. முனிவாகனர் என்ற பெயர் அப்படி வந்தது. பத்தே பாசுரம் பாடி அவர் அரங்கனோடு கலந்தார். கோயில்களில் அவர் திருமேனி கையில் வீணையோடுதான் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் நிறுத்தப்பட்ட நரம்புக் கருவி இன்று எல்லா வாத்தியங்களையும் தாண்டி உள்வாசலுக்குள் போகிறது. அத்தனை ஜனம் கூடியிருக்கும் அந்த நேரத்தில் இதை எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று தெரியாது. நான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். பாணரின் குலத்தவர்கள் இந்தக் கோயில்களுக்குள் சட்டப்படி நுழைய 1939 வரை, மதுரையில் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் செய்து அதற்கான சட்டமும் வந்த வருஷம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

அதே 1939-ல், மே 16-ம் தேதி, திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. ஒலிநாடா வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் எல்லாம் நேரடி. வித்வான்கள் ஸ்டுடியோவுக்கு வந்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் பாடத் தொடங்க வேண்டும். நேரம் முடிவதற்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் பொறுப்பில் இருப்பவர் குமிழைத் திருப்பிக் குரலை மங்கவைத்து, அறிவிப்பாளரை விடுவார். ஃபேட் அவுட் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறோம். எனக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடி அதற்குச் சில முறைகள் இருந்தன. சாகித்யத்தின் நடுவில் தெய்வத்தின் பெயர் வரும் இடத்தில் மங்கவைக்கக் கூடாது. மங்களத்தைத் தொட்டுவிட்டால் குறைக்கவே கூடாது. அறிவிப்பு அரை நிமிஷம் தாமதமானாலும் சரி. பல்லவி வரிக்குத் திரும்பி வந்து நிற்கும் இடம் பார்த்து, அந்த வரியின் நீளத்துக்குக் குமிழைத் திருப்ப வேண்டும். வெடுக்கென்று திருப்பினால் கேட்கிறவர் ரேடியோ கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்ப்பார். சீராகத் திருப்பினால் பாடகர் நம்மை விட்டுத் தள்ளிப் போவது போல இருக்கும். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

மைக் வருவதற்கு முன் பாடகர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை சுருதியில் கூட்டத்தின் கடைசி வரிசையை எட்டிப் பாடினார்கள். மைக் வந்த பிறகு சுருதி இறங்கியது, குரலில் நுணுக்கம் கூடியது. அதே சமயம், தணிந்து பாடினால் உடனே கூட்டிக்கொடுக்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நிலையும் வந்தது. வித்வான் சன்னமாக இறக்குவார், ஒலிபெருக்கிக்காரர் ஏற்றுவார். வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் சென்னை வீட்டில் வாசித்தபோது கேட்க வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. அந்த வீணையின் ஒலி அவ்வளவு சன்னம். வந்தவர்கள் தம் காதை அதற்கேற்பப் பழக்கிக்கொண்டார்கள். வீணை ஏகாந்தத்திலும் நான் பார்ப்பது இதுதான். நாகஸ்வரம் நின்றதும் கூட்டம் தானாக அடங்காது; சலசலப்பு இருக்கும், பிள்ளைகள் அழும். வீணை தொடங்கும், முதலில் யாருக்கும் கேட்காது. முன்னால் நிற்கிறவர் திரும்பி ‘உஷ்’ என்பார். அது பின்னால் பரவும். அந்தப் பெரிய கூட்டம் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும்.

நம் கோயில் இசையில் முழக்கத்தைவிட மெல்லிய பகுதிதான் அதிகம் அழிந்திருக்கிறது என்பது என் கணிப்பு. உள்ளே எழுந்தருளும்போது பாடும் எச்சரிக்கை, பள்ளியறைக்கு முன் ஊஞ்சல், லாலி, நீலாம்பரியில் ஒரு தாலாட்டு: இவையெல்லாம் பல கோயில்களில் தேவதாசிகள் வாயிலாக நின்றவை. தியாகராஜர் யதுகுலகாம்போதியில் அப்படி ஓர் எச்சரிக்கைக் கீர்த்தனை செய்திருக்கிறார் என்றால், அந்த வடிவம் அவர் காலத்தில் எவ்வளவு உயிரோடு இருந்திருக்க வேண்டும். 1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் தடை செய்தது. தடை செய்ய வேண்டிய வழக்கம்தான். பெண்களை அந்தக் கட்டிலிருந்து விடுவித்துவிட்டு, அவர்கள் கையிலிருந்த பாட்டை வாங்கி வைத்துக்கொள்ள ஊர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சதிருக்கு வாசித்த சின்ன மேளத்தின் முகவீணை, நாகஸ்வரத்தின் தங்கை, கிட்டத்தட்டக் கண்ணில் படுவதே இல்லை. 1963-ல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு கோயில் ஊழியத்துக்கு நிலம் என்ற பழைய ஏற்பாடும் மாறியது. பெரிய மேளத்துக்குக் கல்யாணம், கச்சேரி என்று வெளியே பிழைப்பு இருந்தது. உள்வாசலில் மட்டும் வாசிக்கிறவருக்கு வெளியே என்ன இருக்கிறது?

இப்போது எத்தனையோ கோயில்களில் மின்சார மேளம் வைத்துவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் சேகண்டியும் ஒரே வேகத்தில் அடிக்கும். பூஜை முடிந்ததும் பொத்தானை விட்டால் சட்டென்று நிற்கும். அதற்கு இருப்பது இரண்டே நிலை. தீபாராதனையின்போது கற்பூரம் இறங்க இறங்கத் தவில்காரரும் கையை இறக்குவார். அந்தப் பார்வை இயந்திரத்துக்கு இல்லை. சின்னக் கோயில்களில் ஆள் வைக்கப் பணமில்லை என்பது நிஜம். அதற்காக அந்தச் சத்தத்தைப் பழகிக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒரு கைமணி போதும். அதை ஆட்டுகிற கைக்கு மெல்ல நிறுத்தத் தெரியும்.

இன்னொன்று, இளைஞர்களுக்காகச் சொல்ல வேண்டும். வீணை ஏகாந்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து நிறையப் பேர் எனக்கு அனுப்புகிறார்கள். நல்ல மனசோடு அனுப்புகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே குறை. கைபேசியில் ஒலியைத் தானாகவே சரிப்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. பெரிய சத்தத்தை அமுக்கும், சின்னச் சத்தத்தைத் தூக்கும். அதனால் பதிவில் நாகஸ்வரமும் வீணையும் ஒரே உயரத்தில் கேட்கின்றன. கூட்டத்தின் முணுமுணுப்பு அதைவிட மேலே. வாசலில் நடக்கிற அந்த இறக்கம் பதிவில் இல்லவே இல்லை. ஐம்பது வருஷம் கழித்து அதைக் கேட்கிறவர், வீணைக்காரரும் நாகஸ்வரக்காரரும் ஒரே அளவில் வாசித்தார்கள் என்று எழுதி வைப்பார்.

பதிவு செய்யத்தான் வேண்டும். கோயிலில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். கைபேசி வேண்டாம். ஒலி அளவைக் கையால் வைக்க முடிகிற சிறிய ரெக்கார்டர் ஒன்று கொண்டுபோங்கள். தானியங்கி அளவை முதலில் அணைத்துவிடுங்கள். வெளிப் பிராகாரத்தில் தவில் தீர்மானம் வைக்கும்போது முள் சிவப்பைத் தொடாமல் இருக்கிற இடத்தில் அளவை வையுங்கள். அதன் பிறகு பெருமாள் மூலஸ்தானம் சேரும் வரை குமிழில் கை வைக்காதீர்கள். ரெக்கார்டரை உயர்த்திப் பிடிக்காமல் மார்பளவில், பல்லக்குக்கும் உங்களுக்கும் ஒரே தூரம் இருக்கும்படி நடந்து போங்கள். வீட்டில் போட்டுக் கேட்டால் வீணை காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும். கணினியில் ஏற்றிச் சத்தத்தைக் கூட்டச் சொல்லி யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு வேண்டுமானால் தனிப் பிரதி எடுத்துக்கொடுங்கள், மூலப்பதிவைத் தொடாதீர்கள். பதிவோடு உற்சவத்தின் பெயர், எத்தனையாவது திருநாள், தேதி, அளவு எந்த எண்ணில் வைத்தது, நாகஸ்வரம் எந்த வாசலில் நின்றது, வீணை எங்கே தொடங்கியது, என்ன ராகம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ராகம் பிடிபடாவிட்டால் வாசித்தவரிடம் மறுநாள் காலையில் போய்க் கேளுங்கள். அன்றிரவு கேட்காதீர்கள், அவர்களுக்குக் கை ஓய்ந்திருக்கும்.